தண்ணீர் ருசி பார்த்த செங்கமலம்

மண்ணூர் செங்கமலம் தாஜ்மகாலைப் பார்த்ததில்லை. ஆக்ராவில் இரண்டு நாள் இருந்தாள். அந்த ஊரைப் பற்றிக் கேட்டால், "தண்ணி கடுப்பு. பருப்பு வேக ஒண்ணரை மணி நேரம் ஆச்சு" என்பாள். ஹம்பி என்றால், துங்கபத்திரைத் தண்ணீரில் சாதம் பூவாக மலர்ந்ததைச் சொல்வாள். ஹைதராபாத்தில் குழம்புக்குப் புளி கூடுதலாகக் கேட்கும். நாக்பூரில் தண்ணீர் நன்றாக இருந்தது, ஆனால் கிணற்றடியில் குரங்குத் தொல்லை. கோட்டைகளையும் கோபுரங்களையும் மற்றவர்கள் பார்த்துவிட்டு வரும்வரை அவள் அடுப்பின் முன் இருந்தாள். நாட்டை இப்படி நாக்கினால் தெரிந்துகொண்டவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

அவள் யாத்திரை பஸ்ஸின் சமையல்காரி. ஸ்ரீபெரும்புதூர் ராஜாமணி அறுபதுகளின் நடுவில் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, அதைச் சக்கரம் வைத்த வீடாக மாற்றியிருந்தார். இரண்டு சீட்டுகளுக்கு நடுவே பலகையைப் போட்டால் படுக்கை. ஜன்னலோரம் கயிறு கட்டினால் கொடி. மேற்கூரையில் அண்டா, தவலை, அரிசி மூட்டை, மூன்று பெரிய பம்பு அடுப்புகள். அறுவடை முடிந்ததும் சுற்று வட்டாரத்து விவசாயக் குடும்பங்கள் ஏறிக்கொள்ளும். நாற்பத்தைந்து பேர் அதிலேயே உண்டு, உறங்கி, சண்டை போட்டு, ஊர் ஊராகப் போவார்கள்.

அந்த பஸ்ஸுக்கு ஒரு சட்டம் இருந்தது. ராமேஸ்வரத்துக்குப் போன வருஷம், ராமநாதபுரம் பக்கம் ஒரு கிணற்றடியில் அவசரத்தில் பருப்பு வேகாமல் இறக்கப்பட்டது. பாதி பஸ் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கருவேலங்காட்டில் கிடந்தது. அதற்குப் பிறகு ராஜாமணி எல்லார் எதிரிலும் சொன்னார்: "இனிமே தண்ணிய அக்கா வாயில ஊத்திப் பாக்கணும். அக்கா எறக்குன்னா அண்டாவ எறக்கு, எடுன்னா வண்டிய எடு. பருப்பு வெந்துச்சுன்னு அக்கா சொல்லாம டிரைவர் சாவியத் தொடக் கூடாது."

டிரைவர் நடேசன் அதை அப்படியே பின்பற்றினார். வண்டியை ஓரம் கட்டியதும் செங்கமலம் ஒரு செம்போடு இறங்கிப் போவாள். ஒரு வாய் தண்ணீரை நாக்கில் புரட்டித் துப்புவாள். பஸ் முழுக்க அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சாதாரணமான ஒரு பெண்ணுக்கு இவ்வளவு அதிகாரம் கிடைப்பது அபூர்வம். அதை அவள் கடைசிவரை ஒழுங்காகத்தான் வைத்திருந்தாள். ஒருமுறை தவிர.

அதைச் சொல்ல ஐம்பத்து மூன்றாம் வருஷத்துக்குப் போக வேண்டும். அந்த ஐப்பசியில் அவள் புருஷன் கன்னியப்பன் மூன்று நாள் காய்ச்சலில் இறந்தான். வயது இருபத்தொன்பது. பிள்ளை இல்லை. ஏரி நிரம்பி வழிந்த நேரம். சுடுகாட்டுக்குப் போக இரண்டே வழிகள். ஒன்று வாய்க்கால், அதில் மார்பளவு தண்ணீர் ஓடியது. இன்னொன்று, தெரு முனையில் தொடங்கும் அகலமான ஒரு வரப்பு. கன்னியப்பன் நிலத்துக்கும் அவனுடைய பெரியப்பா மகன் அப்பாவு நிலத்துக்கும் நடுவே இருந்த வரப்பு அது. அது யாருடையது என்று நான்கு வருஷமாகக் காஞ்சிபுரம் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

பாடை தெரு முனைக்கு வந்தபோது அப்பாவு வரப்பின் தலைப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்டி போவக் கூடாது. பொணம் போன வரப்பு நாளைக்கு வழின்னு ஆயிடும். வக்கீல் சொல்லிக்கீறாரு. ஒரு தடவ வுட்டா அதுவே வழக்கமாயிடும்."

அவர் மனைவி பாப்பம்மாள் தலைமுடி அவிழ்ந்து தொங்க ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "செத்தவன்கிட்ட இன்னாய்யா வழக்கு? வுடுய்யா, போவட்டும்." அவர் கையை உதறினார்.

பெண்கள் தெரு முனையைத் தாண்டிப் போகக் கூடாது என்பது வழக்கம். ஆகவே செங்கமலம் அங்கே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். நான்கு பேர் பாடையோடு வாய்க்காலில் இறங்கினார்கள். நடுவில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்தது. கன்னியப்பனின் தலையும் ஒரு தோளும் தண்ணீருக்குள் போய்விட்டு மேலே வந்தன. மாலை கழன்று ஓடிப்போய் மதகில் சிக்கி இரண்டு நாள் கிடந்தது. இரண்டு நாளும் அவள் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். அழவில்லை.

வழக்கு அப்பாவு பக்கம் தீர்ப்பானது. அவள் படப்பைக்குப் போய்க் கல்யாணச் சமையல்காரர்களிடம் சேர்ந்தாள். முதலில் அரைத்துக் கொடுப்பது, பிறகு அடுப்பு பார்ப்பது, பிறகு தனியாக நூறு இலைக்குச் சமைப்பது. கைமணம் என்று யாரும் அவளைப் புகழ்ந்ததாகத் தெரியவில்லை. அளவு தப்பாது, அவ்வளவுதான். ராஜாமணிக்கு அது போதுமாக இருந்தது.

எழுபதாம் வருஷம் மாசியில் அந்த பஸ் முதல் தடவையாக வடக்கே காசிக்குப் புறப்பட்டது.

"அக்கா, உங்க ஊரு பெரியவரு ஒருத்தர் வராரு" என்றார் ராஜாமணி. "பொண்டாட்டி தவறிட்டாங்களாம். அஸ்தி கரைக்கணுமாம்."

"ஆரு?"

"அப்பாவுன்னு பேரு."

செங்கமலம் அரிசி மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். கோணி ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, "வரட்டும்" என்றாள்.

அப்பாவுவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. மஞ்சள் துணி சுற்றிய பித்தளைச் செம்போடு வந்தவர், பஸ்ஸின் பின்பக்க ஏணியில் நின்றவளைப் பார்த்துவிட்டு ஒரு கணம் தயங்கினார். ஊர் ஜோசியர் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: அஸ்தியைப் பிரயாகையில் கரைத்துவிட்டு, மாசி அமாவாசை உச்சிப் பொழுதுக்குள் கயாவில் பிண்டம் வைக்க வேண்டும், இல்லையென்றால் பாப்பம்மாள் கரையேற மாட்டாள். அந்தத் தேதிக்குக் கயா போகும் பஸ் இது ஒன்றுதான். அவர் ஏறிக்கொண்டார். செம்பைத் தரையில் வைக்கக் கூடாது என்பதால் ஜன்னல் கொக்கியில் மாட்டிவிட்டு அதன் கீழே உட்கார்ந்தார்.

காய் நறுக்க வந்திருந்த கிளியம்மாளுக்குப் பழைய கதை தெரியும். முதல் நாளே காதோடு கேட்டாள்: "எலிப்பாஷாணம் வாங்கியாரட்டுமாக்கா?"

"என் சட்டியில அது ஏறாது."

"சும்மா கேட்டேன்க்கா."

"நானும் சும்மா சொல்லல. அந்தாளு செத்தா சமையல்காரி கொன்னுட்டான்னுதான் பேசுவாங்க. கன்னியப்பன் பொண்டாட்டின்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

பதினெட்டு நாள் அவள் அவருக்கு ஒழுங்காகப் பரிமாறினாள். குழம்பில் காய் குறையாது. மோர் புளித்ததில்லை. அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். ஹம்பியில் பாறைகள் விழாமல் ஒன்றன்மேல் ஒன்று நின்றதைப் பார்த்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோல்கொண்டாக் கோட்டையில் கை தட்டினால் மேலே கேட்கும் என்று தட்டித் தட்டிக் கை சிவந்து வந்தார்கள். நாக்பூர் தாண்டிக் காடும் மலையும். ஆக்ரா தாண்டிக் கண் போகிற தூரமெல்லாம் மஞ்சளாகக் கடுகுப் பூ. செங்கமலம் கடைசி சீட்டில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் ஆடிக்கொண்டே போன அந்தச் செம்பைப் பார்த்து வந்தாள். அதில் இருந்தது பாப்பம்மாள். அவளோடு செங்கமலத்துக்குப் பகை இல்லை. ஆனால் அந்தக் கிழவரிடம் நோகிற இடம் வேறு ஏதும் மீதி இல்லை என்பதையும் அவள் அந்தப் பதினெட்டு நாளில் கண்டுகொண்டாள்.

பிரயாகையில் அஸ்தி கரைந்தது. காசியில் அப்பாவு டிரைவரை விடாமல் நச்சரித்தார். "நாளன்னிக்கு அமாவாசை. உச்சிக்குள்ள போய்ச் சேர்ந்துடுவமா?"

"வெள்ளன கெளம்பினா பத்தரைக்கே கயா, பெரியவரே. அக்கா மட்டும் சீக்கிரம் எறக்கிட்டா போதும்" என்றார் நடேசன்.

அந்தக் கடைசி வாக்கியத்தை செங்கமலம் பாத்திரம் துலக்கியபடி கேட்டாள்.

அமாவாசையன்று இருட்டு பிரியும் முன்பே காசியை விட்டார்கள். ஆறரை மணிக்கு சசாராம் வந்தது. ஒரு பெரிய குளத்தின் நடுவே பழைய சுல்தான் ஒருவரின் கல்லறை, தண்ணீரில் மிதக்கிற மலை மாதிரி நின்றது. எல்லாரும் அதைப் பார்க்க ஓடினார்கள். நடேசன் சாலையோரக் கிணறு ஒன்றின் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். செங்கமலம் செம்போடு போனாள். ஒரு வாய் எடுத்துப் புரட்டித் துப்பினாள்.

அவ்வளவு கடுப்பான தண்ணீரை அவள் ராமநாதபுரத்துக்குப் பிறகு வாயில் வைத்ததில்லை. வழக்கமான நாளாக இருந்தால், "எடுப்பா வண்டிய" என்று ஏறி உட்கார்ந்திருப்பாள்.

"எறக்கு" என்றாள்.

மற்றவர்களுக்குக் கயா இன்னொரு கோயில், அவ்வளவுதான். ஆகவே யாருக்கும் முதலில் எதுவும் உறைக்கவில்லை. ஏழு மணிக்கு அண்டா ஏறியது. எட்டு மணிக்குச் சாதம் வடித்தாகிவிட்டது. பருப்பு மட்டும் போட்டது போட்டபடி கல்லாகக் கிடந்தது. எட்டேகாலுக்குக் கிளியம்மாள் கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

"ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டா வெந்துடும்க்கா."

"டப்பா காலி."

கிளியம்மாள் பெட்டியைத் திறந்தாள். சோடா டப்பா விளிம்பு வரை இருந்தது. அவள் டப்பாவைப் பார்த்தாள், செங்கமலத்தைப் பார்த்தாள், பெட்டியை மூடிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். அன்றைக்கு வெங்காயத்துக்கு வேலையே இல்லை.

எட்டரை மணி. ராஜாமணி வந்து போனார். எட்டேமுக்காலுக்கு நடேசன் வந்தார். "இன்னாக்கா, கல்ல வேக வெக்கிறியா?"

"வேகாத பருப்ப நாப்பத்தஞ்சு பேரு வவுத்துல போட்டு வழி நெடுக எறக்கி வுடுறியா? போட்டுடறேன்."

நடேசன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நிழலுக்குப் போனார்.

ஒன்பது மணிக்கு அப்பாவு வந்தார். இருபது நாளில் அவர் அடுப்படிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கையில் கடிகாரத்தைப் பிடித்திருந்தார்.

"ஏம்மா, இன்னும் எவ்ளோ நேரம்?"

"வெந்ததும்."

"சோறும் ஊறுகாயும் போட்டு எடுக்கலாமே. எனக்கு அதுவும் வேணாம். நான் விரதம்."

அவள் கரண்டியால் அண்டாவைக் கிளறினாள். பருப்பு அடியில் கூழாங்கல் மாதிரி சத்தம் போட்டது.

"உச்சி தாண்டினா போச்சும்மா. அவளுக்கு ஒரு வருஷமா கதி இல்ல. கனவுல வந்து நின்னுகினே கீறா. கொஞ்சம் மனசு வையி."

செங்கமலம் எழுந்து நின்றாள். பதினேழு வருஷத்துக்குப் பிறகு முறை சொல்லிக் கூப்பிட்டாள்.

"மாமா, வேகாத பருப்ப ஒரு தடவ எறக்கினா அதுவே வழக்கமாயிடும் மாமா."

கடிகாரம் வைத்திருந்த அப்பாவுவின் கை இறங்கியது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "பாப்பம்மா உன்ன ஒண்ணும் பண்ணலியே."

"பண்ணல. உன் கையப் புடிச்சி இழுத்தா. நான் பாத்துக்கினுதான் நின்னேன். என் புருசன் மட்டும் உன்ன இன்னா பண்ணாரு?"

அப்பாவு கிணற்று மேடையில் போய் உட்கார்ந்தார். சூரியன் உச்சிக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நிழல் காலடிக்குள் வந்து, மறுபக்கம் நீளத் தொடங்கிய பிறகு செங்கமலம் சோடா டப்பாவைத் திறந்தாள். பருப்பு வெந்தது. எல்லாரும் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். சோன் நதிப் பாலம் முடிவில்லாமல் நீண்டது. கயாவுக்குள் நுழைந்தபோது சூரியன் இறங்கிவிட்டது.

சத்திரத்து வாசலில், பிண்டம் வைத்துக்கொடுக்கும் புரோகிதரான பண்டா ஒருவர் காத்திருந்தார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். அப்பாவு அவர் காலருகே உட்கார்ந்து, அமாவாசை தவறிப்போனதைச் சொல்லி விம்மினார். பண்டாவுக்கு அவர் எதற்கு அழுகிறார் என்றே முதலில் புரியவில்லை.

"அமாவாசையா? கயாவுக்கு நாள் ஏது பெரியவரே? எந்த நாள் வெச்சாலும் ஒண்ணுதான். காலையில வாங்க."

பஸ்ஸே சிரித்துவிட்டது. "ஜோசியன் மூக்க அறுக்கணும்" என்றார் நடேசன். பருப்பு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த செங்கமலத்தின் கை நின்றது. தேய்த்துக் கழுவி முடித்த பாத்திரத்தை அவள் மறுபடியும் தேய்க்கத் தொடங்கினாள். ஐந்து மணி நேரம் தன் நாக்கைப் பொய் சொல்ல வைத்திருந்தாள். ராஜாமணி கொடுத்த நம்பிக்கையைச் செலவழித்திருந்தாள். பாப்பம்மாளுக்குத் துரோகம் செய்யத் துணிந்திருந்தாள். எல்லாம் ஒரு மண்ணூர் ஜோசியரின் அறியாமையின் மேல் கட்டியது. கிளியம்மாள் மட்டும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சாம்பலை எடுத்துக் கொடுத்தாள்.

அப்பாவு சிரிக்கவில்லை. செங்கமலத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை பல்குனி ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். ஆனால் ஒரு முழம் தோண்டினால் ஊறும். செங்கமலம் ஊற்று தோண்டி, ஊறியதை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கங்கையைவிட இனிப்பாக இருந்தது. பத்தடி தள்ளி அப்பாவு உட்கார்ந்து பிண்டம் வைத்துக்கொண்டிருந்தார். பாப்பம்மாளுக்கு, தாய் தகப்பனுக்கு, பாட்டன் பூட்டனுக்கு.

"இன்னும் யாருக்காவது வைக்கணும்னா பேர் சொல்லுங்க" என்றார் பண்டா. "பங்காளி, சிநேகிதர், வேலைக்காரர், விரோதி, யாருக்கு வேணாலும் வைக்கலாம். பிள்ளை இல்லாம போனவங்களுக்கு வெச்சா ரொம்பப் புண்ணியம்."

அப்பாவுவின் கையில் ஒரு மாவுருண்டை இருந்தது. அவர் திரும்பிச் செங்கமலத்தைப் பார்த்தார். பிறகு பண்டாவிடம் சொன்னார்: "என் தம்பி ஒருத்தன். பேரு..."

"அந்தப் பேர் வேணாம்."

செங்கமலம் செம்போடு எழுந்து வந்திருந்தாள்.

"பங்காளி மொற. நான் வெக்கலாம்மா" என்றார் அப்பாவு. குரலில் பணிவு இருந்தது. நடிப்பு என்று சொல்வதற்கில்லை. "அவனுக்கு வேற ஆரு கீறா? ஊருக்குப் போனதும் அந்த வரப்பையும் வழியா எழுதிக் குடுத்துடறேன்."

"எழுதிக் குடு. ஊருக்குக் குடு. ஊரு நடக்கட்டும். அவரு பேர மட்டும் உன் வாயால சொல்லாத."

"அவன் கதியில்லாம கெடக்கணுமா?"

"பதினேழு வருஷமாக் கெடக்குறாரு. உன் கையால கரையேற வேணாம். தண்ணியிலயே கெடக்கட்டும்."

பண்டாவுக்கு அந்தப் பேச்சு முழுதாக விளங்கவில்லை, விஷயம் விளங்கியது. காத்திருந்தார். அப்பாவு, எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த உருண்டையைக் கடைசியில் மணலில் வைத்தார், பேர் இல்லாமல். ஒரு நாய் வந்து தின்றது.

மன்னிப்பு உயர்ந்தது என்று நிறைய நூல்கள் சொல்கின்றன. கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் நடுவே சில சமயம் மூன்றாவது ஒருவர் படுத்திருப்பதைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. அவர் சார்பில் மன்னிக்க யாருக்கு உரிமை என்ற கேள்வி எனக்கு இன்னும் முடியவில்லை. அவர் சார்பில் மறுக்க மட்டும் யாருக்கு உரிமை என்பதும் அதே கேள்விதான். செங்கமலம் புருஷனுக்குக் கிடைக்க இருந்ததைத் தட்டிவிட்டாள். தன் பழியை அவன் கதியைவிடப் பெரிதாக எண்ணினாள். முதல் நாள் பாப்பம்மாளின் கதியைத் தடுக்கப் போய் வீணானதை, மறுநாள் சொந்தப் புருஷன் விஷயத்தில் அவள் உண்மையாகவே நிறைவேற்றிவிட்டாள். இதை நல்லது என்று என்னால் எழுத முடியாது. சிறுமை என்று எழுதவும் கை வரவில்லை.

இனிச் சாப்பிடுவதில்லை என்று கயாவில் ஒரு காயையோ கனியையோ விட்டுவிட்டு வருவது வழக்கம். கிளியம்மாள், ஜென்மத்தில் வாயில் வைக்காத பாகற்காயை விட்டாள்.

"நீ இன்னாக்கா வுட்ட?" என்று பஸ்ஸில் கேட்டாள்.

"ஒண்ணும் வுடல."

ஜபல்பூர் வழியாகத் திரும்பினார்கள். நர்மதையில் இரு கரையும் வெள்ளைப் பளிங்குப் பாறை. மற்றவர்கள் படகில் போனார்கள். அங்கே பருப்பு அரை மணி நேரத்தில் வெந்தது. ராஜாமணியிடம் சசாராம் கிணற்றைப் பற்றி அவளே உண்மையைச் சொன்னாள். அவர் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த வருஷப் பயணத்துக்குத் தேதி சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு பத்து வருஷம் அவள் நாக்கு தவறியதாக யாரும் சொல்லவில்லை.

அப்பாவு சொன்னபடி வரப்பை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். எழுபத்தெட்டாம் வருஷம் இறந்து, அதே வரப்பின் வழியாகப் போனார். வரப்பு பிறகு அகலமான செம்மண் ரோடானது. செங்கல் சூளை லாரிகள் அதில் போய் வந்தன.

செங்கமலம் எண்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில், மண்ணூரில் கிளியம்மாள் வீட்டில் இறந்தாள். ஒரே ஒரு விஷயம் சொல்லி வைத்திருந்தாள். பாடை தெரு முனைக்கு வந்ததும் ஆண்கள் ரோட்டில் ஏறப் போனார்கள். பெண்களோடு அங்கே நின்றுகொண்டிருந்த கிளியம்மாள் குறுக்கே வந்து கையை நீட்டினாள்.

"அப்டி போவாதீங்க. வாய்க்கா வழியா எடுத்துக்கினு போங்க."

"இன்னாம்மா வெளையாடுறியா? ரோடு கீது, வாய்க்கா பூரா வேலிகாத்தான் முள்ளு!"

"அக்கா சொல்லிட்டுத்தான் போயிருக்கு. அந்தாளு குடுத்த வழி வேணாமாம்."

வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான்கு பேர் இறங்கினார்கள். முன்னால் ஒருவன் அரிவாளால் முள்ளை வெட்டிக்கொண்டே போனான். ஐந்து நிமிஷ தூரத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பக்கத்தில் ரோட்டில் போன லாரிக்காரன் வேகத்தைக் குறைத்து இவர்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனான். தூக்கியவர்களின் கைகாலெல்லாம் கீறி ரத்தம். வழி நெடுக அவளைத் திட்டினார்கள். ஆனால் பாடை எங்கும் சாயவில்லை. மாலை போட்டது போட்டபடி கழுத்தில் இருந்தது.